உப்புத் தின்ற பிரேக்

கடலில் ஓடுகிற படகை நிறுத்த யாரும் பிரேக் தேடுவதில்லை. எஞ்சினைத் தணித்தால் போதும், தண்ணீரே பிடித்து நிறுத்திவிடும். அதே படகைச் சக்கரத்தில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. முன்னால் இழுக்கிற வண்டி நின்றாலும் பின்னால் வருகிற படகு நிற்காது. அது தள்ளும். மழை நாளில், மணல் படிந்த தார் ரோட்டில், மாடொன்று குறுக்கே வந்த கணத்தில் அந்தத் தள்ளு எவ்வளவு என்பதில்தான் ஓட்டுகிறவரின் உயிர் இருக்கிறது.

திருகோணமலை நகருக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது சம்பூர். மகாவலி கங்கை கடலோடு சேர்கிற குடா இது. மூதூரைத் தாண்டினால் கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. வயலும் கடலும் அருகருகே உள்ள பகுதி. வயலுக்கென்று வாங்கிய உழவு இயந்திரமே தேவைப்படும்போது படகையும் இழுக்கிறது.

இந்த ஊர்மக்கள் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு நடுவே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியவர்கள். அனல் மின்நிலையம், கைத்தொழில் வலயம் என்று நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. 2015 ஆகஸ்டில்தான் ஊர் திரும்பும் வழி திறந்தது. கடற்படை முகாம் இருந்த காணிகள் 2016 இல் விடப்பட்டன. வெறுங்கையோடு திரும்புகிற கடற்தொழிலாளி முதலில் கூரை போடுவார், பிறகு படகு, எஞ்சின், வலை என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். ட்ரெயிலர் கடைசியில் வரும். அதற்குப் பிரேக் என்பது அதற்கும் பின்னால். இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இதற்கிடையில் ரோடு மாறிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்பு மூதூரிலிருந்து தரைவழியே திருகோணமலைக்குப் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு ‘பாதை’ ஏற வேண்டும். வாகனத்தை ஏற்றி அக்கரையில் இறக்கும் மிதவைக்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு துறையிலும் காத்திருப்பு. ஆட்கள் பெரும்பாலும் லாஞ்சில் கடல்வழியே போய்விடுவார்கள். 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர். மற்ற ஆறுகளுக்கும் அடுத்தடுத்துப் பாலங்கள் வந்தன. இன்று படகை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் நகரம் வரை எங்கும் இறங்காமல் போகலாம். இருபது கிலோமீற்றர் வேகத்தில் குலுங்கிப் போவதற்காகச் செய்த ட்ரெயிலர் இன்று வழுக்குகிற தார் ரோட்டில் ஐம்பது, அறுபதில் ஓடுகிறது. ரோட்டுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசி கூட ட்ரெயிலருக்குக் கிடைக்கவில்லை.

படகு தரையில் பயணம் போவது அப்படியொன்றும் அபூர்வமில்லை. காரைநகரில் 1967 இல் நோர்வேயின் உதவியோடு தொடங்கிய சீநோர் படகுத் தளத்தின் காலத்திலிருந்தே வடக்கிலும் கிழக்கிலும் கண்ணாடியிழைப் படகு பரவலானது. பட்டறையில் வார்த்த படகு கரைக்கு வர வேண்டும். கீறல் விழுந்தால் திருத்தப் போக வேண்டும். விற்றால் வாங்கியவர் ஊருக்குப் போக வேண்டும். வாடைக் காற்று கிளம்பிக் கடல் கொந்தளிக்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை படகைக் கரையிலிருந்து உள்ளே இழுத்து வைக்க வேண்டும். மேற்குக் கரையில் சோளகம் வீசுகிற மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் கிழக்கே வாடி எனும் தற்காலிகக் குடில் போட வருவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அவர்களோடு படகும் வலையும் நாட்டைக் குறுக்காகக் கடக்கின்றன.

சரி, இந்தப் பாரம் எவ்வளவு? 18 முதல் 23 அடி வரை நீளமான கண்ணாடியிழைப் படகு. 25 குதிரைவலு எஞ்சின் ஒன்று ஏறக்குறைய 50 கிலோ. 25 லீற்றர் மண்ணெண்ணெய் 20 கிலோ. ஈர வலை, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, அதற்கு மேல் ட்ரெயிலரின் இரும்பு. இவை சேர்ந்து 750 கிலோவைத் தொடுவது பெரிய காரியமே இல்லை. இந்த 750 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த தார் ரோட்டில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 12 மீற்றரில் நின்றுவிடும் என்று வைப்போம். தன் எடைக்குச் சமமான எடையுள்ள, பிரேக் இல்லாத ட்ரெயிலரை அது இழுத்துக்கொண்டு வந்தால் அந்தத் தூரம் இரட்டிப்பாகி 24 மீற்றரை எட்டும். வேகம் 60 என்றால் 28 மீற்றர் 56 ஆகிறது. ஓட்டுநர் கண்டு, சுதாரித்துக் காலை வைப்பதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. ஒரு வினாடி தாமதித்தாலே இன்னும் 17 மீற்றர். இது நேராக நிற்கும்போதுதான். வளைவில் என்றால் பின்னாலிருந்து வரும் தள்ளு இழுவை வண்டியின் பின்பக்கத்தை ஒதுக்கிவிட, வண்டியும் ட்ரெயிலரும் மடிந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும்.

லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. இரண்டு சக்கரம் மட்டும் உள்ள அந்த இயந்திரத்தில் ஓட்டுநர் உட்காருவதே பின்னாலுள்ள பெட்டியின் முன்விளிம்பில்தான். காலடியில் ஒரு மிதி. அதிலிருந்து இரும்புக் கம்பி ஒன்று பெட்டியின் அச்சுக்குப் போய் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை விரிக்கிறது. மொத்த வண்டிக்கும் நம்பகமான பிரேக் அதுதான். இனி திருப்புவதைப் பாருங்கள். வலப்பக்கத்துக் கிளச்சைப் பிடித்தால் வலச்சக்கரத்துக்கு விசை நின்று வண்டி வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அப்படியில்லை. அங்கே பெட்டிதான் இயந்திரத்தைத் தள்ளுகிறது. விசை விடுபட்ட வலச்சக்கரம் கட்டுப்பாடின்றி வேகமாக ஓட, வண்டி இடப்பக்கம் திரும்பிவிடும். பழகியவர்கள் இறக்கத்தில் கிளச்சை மாற்றிப் பிடிப்பார்கள். பழகாத இளைஞர்கள் பாலத்தின் இறக்கத்தில் தடுமாறுவார்கள். பெட்டியின் மிதிபிரேக் நன்றாகப் பிடித்தால் பெட்டி தள்ளாது, இந்தக் குழப்பமே எழாது. படகை ஏற்றிய லாண்ட்மாஸ்டரில் அந்த மிதியை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் பிரேக் போட்ட ட்ரெயிலர்களிலும் அது ஏன் வேலை செய்வதில்லை? பதில் டிரம்முக்குள் இருக்கிறது.

கடலில் இறங்கி ஏறிய சக்கரம் ஒன்றைக் கழற்றி டிரம்மை உருவினால் முதலில் கொட்டுவது செம்பழுப்புத் தூள். அதோடு மணலும் கிரீஸும் குழைந்த ஒரு களி. ஷூவை இழுத்துப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் பாதியில் அறுந்து கிடக்கும். பிறை வடிவத்து ஷூவில் ஒட்டியிருக்க வேண்டிய லைனிங், கையால் தொட்டாலே பெயர்ந்து வரும். இரும்பு துருப்பிடிக்கும்போது தடிக்கிறது. அந்தத் துரு லைனிங்குக்கு அடியில் வளர்ந்து அதை உள்ளிருந்தே தள்ளிப் பிரித்துவிடுகிறது. சரிசெய்யும் திருகு இறுகி, குறடு போட்டாலும் அசையாது. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. டிரம் என்பது மூடிய பாத்திரம். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி தேட வேண்டும். தண்ணீர் வற்றினாலும் உப்பு தங்கிவிடும், தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் மோசமானது பிரேக் பிடிக்காமல் போவது மட்டும் அல்ல. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால் ட்ரெயிலர் ஒரு பக்கமாக இழுக்கும். பிடித்தது விடாமல் சிக்கிக்கொண்டால் சக்கரம் சூடேறி, கிரீஸ் உருகி, பெயரிங் கடித்து, கடைசியில் சக்கரமே கழன்று ஓடலாம்.

பெயரிங்கிலும் ஒரு கள்ள வழி இருக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி வந்த சக்கரத்தின் மையம் சூடாக இருக்கும். வந்த சூட்டோடு அதைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்பக் கடல்நீர் சீலைத் தாண்டி உள்ளே இழுக்கப்படும். பிறகு திறந்து பார்க்கும்போது கிரீஸ் பால் நிறமாக வெளுத்துக் கிடக்கும். அந்த வெளுப்பைக் கண்டால் அந்தப் பெயரிங்குக்கு நாள் குறிக்கப்பட்டாயிற்று. கரைக்கு வந்ததும் படகின் கயிறுகளை அவிழ்ப்பது, வலையைச் சரிபார்ப்பது என்று கொஞ்ச நேரம் கழித்துச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து இறக்குவது காசில்லாத மருத்துவம்.

இப்போது அந்த 750. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பாரத்தோடு 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். பிரித்தானியாவில் அதற்குக் கீழே இருந்தாலும், பிரேக் இல்லாத ட்ரெயிலர் இழுக்கிற காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. அவுஸ்திரேலியாவிலும் 750 வரைதான் விலக்கு. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஓர் அச்சிலாவது இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக், 2000 ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும். அதோடு, 2000 ஐத் தாண்டிய ட்ரெயிலர் தப்பித் தவறிக் கழன்றால் தானாகவே பிரேக் விழுந்து 15 நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் எல்லை 1360 கிலோ. சிட்னியிலும் ரொறன்ரோவிலும் பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்கப் படகு வாங்குகிற நம்மவர்கள் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள், சோதனையில் பிடிபட்டால் அபராதம் அவர்கள் தலையில். நம் ஊரில் படகைப் பதிவது கடற்தொழில் திணைக்களம், வாகனத்தைப் பதிவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். ஊர்க் கராஜில் ஒட்டிச் செய்த படகு ட்ரெயிலரை இரண்டு பக்கமும் கூர்ந்து பார்ப்பதில்லை. வெல்டிங் அடிக்கிறவரும் உரிமையாளரும்தான் அதன் பரிசோதகர்கள்.

என்ன பிரேக் போடலாம் என்பது எது இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. பிக்கப், ஜீப், சிறிய லொறி இழுக்குமானால் உலகம் முழுவதும் படகு ட்ரெயிலருக்கு அதிகம் பயன்படுவது தள்ளுப்பிரேக். பேருந்து சடாரென்று நிற்கும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்வார்களே, அந்தச் சாய்வுதான் இதன் விசை. இழுக்கிற வண்டி வேகம் குறைந்ததும் ட்ரெயிலர் அதன்மேல் முட்டுகிறது. கொளுவிக்குள் இருக்கும் குழல் ஒன்று பின்னோக்கி நகர்ந்து மாஸ்டர் சிலிண்டரை அமுக்குகிறது. பிரேக் ஒயில் சக்கரத்துக்குப் போய்ப் பிடிக்கிறது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். இழுக்கிற வண்டியில் கம்பி, கருவி எதுவும் பொருத்த வேண்டியதில்லை. இன்று ஒருவர் பிக்கப், நாளை இன்னொருவர் லொறி என்று இரவல் வாங்கி இழுக்கிற ஊரில் இது பெரிய வசதி.

மின்காந்தத்தால் பிடிக்கும் பிரேக் சாமான் ஏற்றும் ட்ரெயிலர்களில் நன்றாக உழைக்கிறது. காந்தச் சுருளும் மின்கம்பியும் கடல்நீரில் முங்குகிற இடத்தில் அதை நம்பக் கூடாது. மின்சாரத்தால் பம்பை இயக்கி ஒயிலைத் தள்ளும் முறை சிறந்தது. பம்ப் தண்ணீருக்கு மேலே இருக்கும், ஓட்டுநர் கையிலேயே கட்டுப்பாடும் இருக்கும். விலைதான் கைக்கு எட்டாது.

டிரம்மா டிஸ்க்கா என்ற கேள்விக்குக் கடற்கரையில் ஒரே பதில்தான், டிஸ்க். 1953 இல் பிரான்சின் லெ மான் ஓட்டப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜகுவார் கார் வென்ற பிறகு, சூட்டைத் தாங்குவதற்காக உலகம் டிஸ்க்குக்கு மாறியது. படகு ட்ரெயிலருக்கு அது பிடித்துப்போன காரணம் வேறு. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்கிறது. தண்ணீர் தங்காது, மணல் சுழற்சியில் தெறித்துப் போகும். நல்ல தண்ணீர் ஊற்றினால் எல்லா மூலைக்கும் போகும். தட்டில் படிந்த மேல்துருவை அடுத்த முறை பிரேக் பிடிக்கும்போது தட்டை அழுத்தும் பாட் தானே தேய்த்து எடுத்துவிடும். சக்கரத்தைக் கழற்றாமலே குனிந்து பார்த்து நிலைமையைச் சொல்லிவிடலாம். டிரம்மில் கேடு கண்ணுக்கு மறைவாக வளர்கிறது. ஏழைத் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

இனி வேலையைப் பார்ப்போம். ஊர்க் கராஜ்களில் ட்ரெயிலருக்குப் பெரும்பாலும் பழைய வான், ஜீப்பின் அச்சைத்தான் போடுகிறார்கள். அந்த அச்சு வானில் இருந்தபோது அதற்கு ஒயில் பிரேக் இருந்தது. ட்ரெயிலருக்கு வரும்போது குழாயை வெட்டி மடித்துவிட்டு, டிரம்மை மட்டும் சக்கரத்தின் பாகமாக விட்டுவைக்கிறார்கள். ஆகவே பல ட்ரெயிலர்களில் பாதிப் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது, அதை மிதிக்கத்தான் ஆளில்லை. கொளுவியில் தள்ளுப்பிரேக் மாஸ்டர் சிலிண்டரை வைத்து, புதுக் குழாய் இழுத்து, ஷூவையும் வீல் சிலிண்டரையும் புதுப்பித்தாலே நிலைமை பெரிதும் மாறும். டிஸ்க்குக்குப் போகிறவர்கள் அச்சில் பிரேக்கைத் தாங்கும் தட்டு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பற்றவைக்க வேண்டும். அந்த வெல்டிங் கோணினால் பாட் ஒரு பக்கமாகத் தேயும், அதனால் கைதேர்ந்தவரிடம் கொடுப்பது நல்லது. சக்கரம் சிறிதென்றால் பிரேக்கின் பிடி ரிம்மில் இடிக்கும். 12 அங்குலச் சக்கரத்துக்குள் பத்து அங்குல டிஸ்க் அடங்காது, 14 அங்குலத்தில் தாராளமாகச் சுழலும்.

கராஜில் அடிக்கடி கவனம் தப்புகிற இடம் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்காகச் செய்த பல சிலிண்டர்களில் குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு வால்வு உண்டு. டிரம்மில் ஷூவைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் கெடுதி செய்யாது. டிஸ்க்கில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் இல்லை. அந்தச் சிறு அழுத்தமே பாட்டைத் தட்டில் உரசவைத்து, பயணம் முழுவதும் சூடேற்றும். மூதூர் போய்ச் சேர்வதற்குள் புகை வந்தால் அந்த வால்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று, டிரம்மில் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், டிஸ்க் அப்படிச் செய்யாது. அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். பழைய சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு டிஸ்க் மட்டும் போட்டுவிட்டு, பிடிக்கவில்லையே என்று நொந்துகொள்வதில் பயனில்லை. டிஸ்க்குக்கு உரிய சிலிண்டரையே வாங்க வேண்டும்.

குழாய்க்குச் சாதாரண இரும்பு கடற்கரையில் நெடுநாள் தாங்காது. தனிச் செம்பு அதிர்வில் வலுவிழந்து வெடிக்கலாம். செம்பும் நிக்கலும் கலந்த குழாய்தான் இந்த வேலைக்கு ஏற்றது. டிஸ்க், பிடி, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் நல்லது. கட்டுப்படியாகாவிட்டால் நாகப்பூச்சுள்ள டிஸ்க்காவது வேண்டும். பூச்சில்லாத வார்ப்பிரும்பைக் கடலில் முக்குவது காசைக் கரைப்பதுதான்.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த ஒயிலில் ஆவிக்குமிழ் உண்டாகும், குமிழை அமுக்கிச் சக்கரத்தை நிறுத்த முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். கையிருப்பில் இருக்கிறதே என்று எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்களை ஊதிப் பெருக்கவைத்து முழுப் பிரேக்கையும் கெடுத்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தள்ளுப்பிரேக்கில் பின்னால் எடுப்பதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். ட்ரெயிலரைப் பின்னோக்கித் தள்ளினாலும் கொளுவி அமுங்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும். கரைக்கு இறக்கப் பின்னால் எடுக்கும்போது சக்கரம் இறுகி மணலை உழும். இழுக்கிற வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எரியும் விளக்கோடு இணைத்த மின்வால்வு இதைத் தடுக்கும். ட்ரக்டரில் அந்த வசதி இல்லாவிட்டால் கொளுவி அமுங்காமல் ஒரு முளையைச் செருகிக்கொள்ளலாம். ரோட்டில் ஏறுமுன் அந்த முளையைக் கழற்ற மறந்தால் பிரேக் இல்லாத ட்ரெயிலர்தான். ஆகவே முளைக்குச் சிவப்பு நிறத்தில் நீளமான துணிப்பட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள். கொளுவியைச் சுற்றிப் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, குறுக்காகப் போட்டு மாட்ட வேண்டும். பாரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரை கொளுவியின் மேல் அமரும்படி படகை வைக்க வேண்டும். வெளியே தொங்குகிற எஞ்சினைக் கழற்றி முன்பக்கத்தில் படுக்கவைத்தாலே பின்பாரம் குறைந்து, ட்ரெயிலர் ரோட்டில் அலையாது.

இவ்வளவு செய்தாலும் பிரேக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது நல்ல தண்ணீர்தான். பிரித்தானியாவின் உயிர்காப்புப் படகுச் சேவை, துறைமுகமில்லாத கரைகளில் ட்ரக்டர் மூலம் படகைக் கடலில் இறக்குகிறது. கடலுக்குப் போய் வந்ததும் படகையும் ட்ரக்டரையும் வண்டியையும் நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். நியூசிலாந்தின் நாவி என்ற மீனவக் கிராமத்திலும் துறைமுகம் கிடையாது. அங்கே பலநிறப் பழைய புல்டோசர்கள் கரையில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு படகுக்கும் ஒன்று, சங்கிலிச்சக்கரத்தால் கூழாங்கல் கரையில் ட்ரெயிலரை இறக்கி ஏற்றுகிறது. கடலுக்கும் கரைக்கும் இடையிலான அந்தச் சில மீற்றர் வேலைக்கு அவர்கள் தனியாக ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

சம்பூருக்கு இதில்தான் மலிவான வழி இருக்கிறது என்று தோன்றுகிறது. நம் கரையில் ஆட்கள் சேர்ந்து உருளையில் படகை இழுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ரோட்டில் ஓடுகிற ட்ரெயிலரைக் கடலுக்குள் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய டயர் போட்ட, பிரேக் எதுவும் இல்லாத ஒரு மணல் வண்டியைக் கரையிலேயே வைத்துக்கொள்ளலாம். கடற்தொழிலாளர் சங்கத்துக்கு ஒன்று இருந்தால் போதும். படகை அதில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து, நீர் வடிய விட்டு, பிறகு ரோட்டு ட்ரெயிலருக்கு மாற்றலாம். சாதாரண டிரம் பிரேக்கே அப்போது பல வருடம் தாங்கும். விலையுயர்ந்த எஃகு டிஸ்க் வாங்க வசதியில்லாத இடத்தில், பிரேக்கை உப்புக்குக் காட்டாமல் வைத்திருப்பதே பெரிய முன்னேற்றம். லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கும் இதுவே பொருந்தும். அதன் கம்பி, மூட்டு, ஷூ எல்லாம் கடல்நீரைக் காணாமல் இருந்தால் மிதி கடைசிவரை கனமாக நிற்கும்.

படகு நல்ல பிரேக்கோடு தரையில் ஓட வேண்டிய இன்னொரு நேரம் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் படகுகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தார்கள். அரசின் கணக்கில் 669 படகுகள், 4537 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேர். 2015 டிசம்பரில் சென்னையிலும் கடற்கரைக் குப்பங்களின் படகுகள் நகரத்துத் தெருக்களுக்குள் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மாவிலாறு அணைக்கட்டு உடைந்தபோது வெள்ளம் மூதூர்ப் பக்கத்து வயல்வெளிகளில்தான் புகுந்தது. அப்படிப்பட்ட இரவில், மழைக்குள், அறியாத ரோட்டில், படகை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு ட்ரெயிலரின் பிரேக்கைப் பார்க்க நேரம் இருக்காது. அது முன்பே சரியாக இருந்திருக்க வேண்டும்.

வாடைக் காலத்தில் தொழில் குறைந்து ட்ரெயிலர் சும்மா நிற்கும் வாரங்கள்தான் இந்த வேலைக்கு ஏற்றவை. புதுப் பாட் போட்டவுடன் பாரம் ஏற்றி ரோட்டுக்குப் போகக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்திலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கிக் குழாயிலுள்ள காற்றை எடுக்க வேண்டும். பிறகு வெறும் ட்ரெயிலரோடு ஆளரவமில்லாத நேரம் பார்த்துக் கட்டைபறிச்சான் பக்கம் போய், வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்கிப் பல தடவை பிரேக் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இறங்கி இரண்டு சக்கரத்தின் சூட்டையும் புறங்கையால் பாருங்கள். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் அடுத்த நாள் படகை ஏற்றலாம். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி கழற்றத்தான் வேண்டும்.